தேக்கா மாடியில் ஒரு கிளியரன்ஸ் வகுப்பு: 180 வெள்ளிக்கு என்ன கிடைத்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளியரன்ஸ் (பாதுகாப்பு மிகுந்த இடங்களில் வேலை செய்ய ஆளை விசாரித்துக் கொடுக்கும் அனுமதி) ஃபாரம் நிரப்பச் சொல்லித்தரும் இந்த வகுப்புக்கு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அந்த ஒன்றும் டீக்காக. டீ கீழே இருக்கும் கடையிலிருந்து வந்தது, ஆகவே நியாயமாகப் பார்த்தால் அதுவும் கடைக்காரருக்குச் சேர வேண்டியது.

நடத்துபவரின் பெயரையோ இடத்தின் பெயரையோ போடப் போவதில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து, இரண்டாம் மாடி, குறுகலான மரப்படி. "செக்யூரிட்டி கிளியரன்ஸ் ஃபாரம் நிரப்பப் பயமா? ஒரே மதியத்தில் தெளிவு!" என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை என் மச்சான் அனுப்பியிருந்தார். சனிக்கிழமை 2 மணி முதல் 5 மணி வரை. 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கைப்பேசியில் பேநவ் வழியாக முன்கூட்டியே கட்ட வேண்டும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு எதற்கு இந்த வகுப்பு என்று கேட்பீர்கள். நான் ஏர்கான் டெக்னீஷியன், பெரிய கட்டடங்களின் சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) வேலை. 47 வயது, வீடு ஈசூனில். எங்கள் கம்பெனிக்குப் புதிதாக ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் கிடைத்தது. வாசலிலேயே "பாதுகாக்கப்பட்ட இடம்" என்று நான்கு மொழியிலும் பலகை தொங்கும் ஓர் இடம். உள்ளே போய் சில்லர் குழாய் கழுவுவதற்கும் கிளியரன்ஸ் வேண்டும். எச்ஆர் அம்மா ஃபாரத்தைக் கொடுத்து இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுங்கள் என்றார். பெயர், முகவரி, தேசிய சேவை, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் சரசரவென்று எழுதிவிட்டேன். கடன் பற்றிய பக்கம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

2022இல் மச்சானும் நானும் சேர்ந்து தோ பாயோவில் ஒரு கோப்பிக்கடைக்குள் சாப்பாட்டு ஸ்டால் போட்டோம். ஆமாம், விளம்பரம் அனுப்பிய அதே மச்சான்தான். ஒன்பது மாதம் ஓடியது. மூடும்போது என் பெயரில் இரண்டு வங்கிகளின் கார்டுக் கடன் 17,400 வெள்ளி. அதற்கு மேல் உரிமம் பெற்ற வட்டிக்கடை ஒன்றில் 5,000. என் சம்பளம் 3,400. அண்ணி தொடக்கப்பள்ளி ஆசிரியை. அரசு ஊழியர்கள் ஆண்டுதோறும் தங்களுக்குப் பண நெருக்கடி இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும், அடமானம் இல்லாத கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினாலே நெருக்கடி என்றுதான் கணக்கு என்பதையும் அவர் சொல்லித்தான் தெரியும். (சூதாட்டக்கூடத்துக்கு ஒரு மாதத்தில் நான்கு முறைக்கு மேல் போனாலும் தெரிவிக்க வேண்டுமாம். அண்ணி போனதே இல்லை, ஆனாலும் விதியை மனப்பாடமாகச் சொல்வார்.) நான் அரசு ஊழியர் இல்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறரை மாதச் சம்பளம். இந்தப் பயத்தில்தான் 180 வெள்ளி போனது.

அறையில் பதினொரு பேர். பெரும்பாலும் என்னைப் போல ஒப்பந்தத் தொழிலாளர்கள், இரண்டு மூன்று பேர் விமான நிலைய வேலைக்காக. ஒரு கோப்பு, ஒரு பேனா, ஆளுக்கொரு பொட்டலம் கச்சாங் பூத்தே. நடத்துபவர் ஐம்பதைத் தாண்டியவர், சலவைச் சட்டை, "முப்பது வருஷம் யூனிஃபார்ம்ல இருந்தவன்" என்று ஆரம்பித்தார். எந்த யூனிஃபார்ம் என்று கடைசிவரை சொல்லவில்லை.

திரையில் முதல் படம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுகு முத்திரை. முழு வகுப்பும் அமெரிக்கச் சரக்கு! அங்கே மத்திய அரசு வேலைக்கும் ராணுவ ஒப்பந்த வேலைக்கும் கிளியரன்ஸ் கேட்பவர்கள் நிரப்பும் எஸ்எஃப்-86 என்ற ஃபாரம், நூறு பக்கத்துக்கும் மேல். அதை வைத்து முடிவெடுக்க 13 தலைப்புகளில் வழிகாட்டு நெறிகள், 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்தவை. கடன் ஒரு தலைப்பு, போதைப்பொருள் ஒரு தலைப்பு, நடத்தையும் நேர்மையும் ஒரு தலைப்பு, குடி, வெளிநாட்டுத் தொடர்பு என்று நீளும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இவர் அதைப் படமாக ஒட்டி, கீழே தன் கைப்பேசி எண்ணைப் போட்டு வைத்திருந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அமெரிக்க நெறிகளை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தபோது மனசு கொஞ்சம் லேசானது. கடன் இருப்பவன் கெட்டவன் என்று அதில் எங்கும் இல்லை. கடனில் மூழ்கியவனை யாராவது விலைக்கு வாங்கிவிடலாம், அழுத்தம் கொடுத்து வேலை வாங்கலாம் என்பதுதான் கவலை. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஆ லோங் (உரிமம் இல்லாத கந்துவட்டிக்காரன்) வாசலில் நிற்கிறான், "காசு வேணாம், உன் பாஸை ஒரு நாள் கொடு" என்கிறான். அப்போது நீ என்ன செய்வாய் என்பதுதான் கேள்வி. வேலை போனது, நோய், மணமுறிவு மாதிரி கைமீறிய காரணத்தால் வந்த கடனா, வந்தபின் ஒளியாமல் கட்ட முயன்றாயா என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஒரு குற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் ஆளை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஃபாரத்தில் ஏதாவது விட்டுப்போனால், அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லித் திருத்திவிட்டால் அதுவும் உனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படலாம். வேண்டுமென்றே மறைத்தால் கடன் ஒரு பக்கம் கிடக்கட்டும், மறைத்ததே தனித் தலைப்பில் வந்து நிற்கும். அங்கே மத்திய அரசிடம் தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து ஆண்டுவரை சிறை.

இவ்வளவும் அவர் காட்டிய படத்திலேயே இருந்தது. படத்தைக் காட்டிவிட்டு வாயால் சொன்னது வேறு.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கடன்னு கேட்டா வீட்டுக் கடன், கார் கடன் எழுதுங்க. கார்டு எல்லாருக்கும் இருக்கு, அதை ஏன் எழுதுறீங்க?"

நான் கை தூக்கினேன். "வட்டிக்கடைக் கடன், சார்?"

"லைசென்ஸ் உள்ள கடைதானே அண்ணே? அது கணக்குல வராது லா. கட்டிக்கிட்டே இருங்க, யாருக்கும் தெரியாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். ஸ்டால் நடத்தி நொடித்துப்போனவனிடமே வந்து அதைச் சொன்னார்.

இடைவேளையில் டீ வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட, நுரை நிற்கிற டீ. கூடவே உளுந்து வடை. அதைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறேன். பின் வரிசையில் ஒரு தம்பி, 24, 25 வயது இருக்கும். விமான நிலைய வேலைக்குப் போகிறவன். தயங்கித் தயங்கிக் கேட்டான். நண்பன் ஒருவன் பேங்காக் போனானாம், அங்கே கஞ்சா கேக் சாப்பிட்டானாம், அங்கே அது சட்டப்படி விற்றதாம், அப்படியென்றால் நண்பன் ஃபாரத்தில் எழுத வேண்டுமா? அறையில் எல்லாருக்கும் நண்பன் யார் என்று புரிந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஒரு மரியாதை.

நடத்துபவர் சிரித்தார். "சும்மா விடுங்க தம்பி, பேங்காக்ல நடந்தது பேங்காக்லயே போச்சு." சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை, அடுத்த படத்தில் அமெரிக்க ஃபாரத்தின் போதைப்பொருள் பகுதி வந்தது. கடந்த ஏழு ஆண்டுகளைக் கேட்கும் பகுதி. அங்கே உண்மையாகப் பதில் எழுதினால் அந்தப் பதிலைப் பின்னால் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று ஃபாரமே எழுதிக் கொடுக்கிறது. அதைப் படித்துக் காட்டி, "பார்த்தீங்களா, எழுதினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். மறைக்கச் சொன்ன வாய்தான் இதையும் சொன்னது. இந்த இரண்டு ஆலோசனையும் இந்தத் தம்பிக்கு ஆபத்து என்பது அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் அக்கறை இல்லையா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அமெரிக்க ஃபாரத்தில் உள்ள வாக்குறுதி அமெரிக்க ஃபாரத்துக்கு. இங்கே போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் சிங்கப்பூர்க் குடிமகனையும் நிரந்தரவாசியையும் எல்லை தாண்டித் துரத்தும். வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கேயே உட்கொண்டதாகத்தான் கணக்கு. உட்கொண்ட குற்றத்துக்குப் பத்து ஆண்டுவரை சிறை, 20,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும். தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது, 2025இல் திரும்பவும் இறுக்கிவிட்டது. அதெல்லாம் அவர்கள் ஊர்ப் பாடு. அமெரிக்காவிலேயே பல மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்தாலும் மத்திய அரசு கிளியரன்ஸ் என்று வரும்போது அதை ஏற்பதில்லை. இந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரிதான்: "இதை இந்த அறையில் பேசாதே, என்னிடமும் கேட்காதே, முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்." சமூகச் சட்ட ஆலோசனை முகாம்களில் காசு வாங்காமலேயே வழக்கறிஞர்கள் பேசுகிறார்கள். அந்த ஒரு வரிக்காக இந்த ஆளுக்கு 180 வெள்ளி கொடுத்திருந்தால்கூட எனக்கு வருத்தம் இல்லை.

அப்புறம் யாரோ கேபாட் பற்றிக் கேட்டார்கள், அந்த எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப். "அது வேப் ஃபைன்தான், கட்டிட்டுப் போயிடலாம்" என்றார். அது பழைய கதை. 2025 செப்டம்பர் 1 அன்றே எட்டோமிடேட்டை சி பிரிவுப் போதைப்பொருளாக அறிவித்துவிட்டார்கள். தமிழ்ச் செய்தியிலேயே வாரக்கணக்கில் போட்டார்கள். காசு வாங்கி வகுப்பு எடுக்கிறவர் செய்தியாவது பார்க்க வேண்டாமா?

அப்படி இருந்தும் நான் அவர் சொன்னபடிதான் செய்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் விமர்சனம் என்று எழுதினால் இதையும் எழுதத்தான் வேண்டும். அன்று இரவே ஃபாரத்தில் கடன் பகுதியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனை மட்டும் எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, மத்ததெல்லாம் யார் கடன்?" என்றாள். அவள் தம்பி கடன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

தூக்கம் வராமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வங்கிக் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் கிரெடிட் பியூரோ சிங்கப்பூரில் என் அறிக்கையை வாங்கினேன். இந்த விமர்சனத்தில் உருப்படியாகப் பரிந்துரைக்க ஒன்று உண்டென்றால் அது இதுதான். சிங்பாஸில் (அரசின் மின்னடையாளக் கணக்கு) நுழைந்து பத்து வெள்ளிக்கும் குறைவாகக் கட்டினால் போதும். ஏதாவது வங்கியில் புதிதாகக் கார்டுக்கோ கடனுக்கோ அண்மையில் விண்ணப்பித்திருந்தால், கொடுத்தாலும் மறுத்தாலும் முப்பது நாளைக்குள் இலவசமாகவே எடுக்கலாம். திறந்து பார்த்ததும் வயிறு கலங்கியது. எந்த வங்கி, எப்போது கார்டு எடுத்தேன், கடந்த 12 மாதத்தில் எந்த மாதம் நேரத்துக்குக் கட்டினேன், எந்த மாதம் தவறினேன், என் பெயரை எந்தெந்த வங்கி எப்போது தேடிப் பார்த்தது, எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. மேலே 1000க்கும் 2000க்கும் நடுவில் ஒரு மதிப்பெண், பக்கத்தில் ஏஏ முதல் எச்எச் வரையில் ஒரு தரம். என்னுடையது எஃப்எஃப். பள்ளிக்கூடத்தில்கூட நான் இரண்டு எஃப் சேர்ந்து வாங்கியதில்லை.

விசாரிக்கிறவர், "ரிப்போர்ட்டைக் கொண்டு வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் ஃபாரம் ஒரு கதை சொல்லும், அறிக்கை இன்னொரு கதை சொல்லும். வட்டிக்கடைக் கடன் இந்த அறிக்கையில் வராது என்பது உண்மைதான். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு பியூரோ இருக்கிறது, அதன் அறிக்கையும் தனியாக எடுக்கலாம். "யாருக்கும் தெரியாது" என்றவருக்கு அது தெரியவில்லை.

வட்டிக்கடை பற்றி ஒரு வார்த்தை, தெரியாதவர்களுக்காக. 5,000 வாங்கினேன், கையில் கிடைத்தது 4,500. முதலில் பத்து விழுக்காடுவரை கட்டணமாகப் பிடிக்கச் சட்டம் விடுகிறது. வட்டி மாதத்துக்கு 4 விழுக்காடுதான் உச்சம், தாமதக் கட்டணமாக மாதம் 60 வெள்ளிக்கு மேல் வாங்கக் கூடாது, வட்டியும் கட்டணமும் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது. ஆ லோங்கிடம் இந்த வரம்பு எதுவும் கிடையாது, அவனிடம் போயிருந்தால் கதவில் சிவப்புப் பெயின்ட்தான். சரி, அது போகட்டும்.

திங்கட்கிழமை எச்ஆர் அம்மாவிடம் போய்ப் புது ஃபாரம் கேட்டேன். பழையதில் காப்பி கொட்டிவிட்டது என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டு முதலில் சொன்னதே ஒரு பொய். இந்த முறை எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு அறிக்கைகளையும் பின்னால் இணைத்தேன். ஸ்டால் கதையை அரைப் பக்கத்தில் எழுதினேன், மச்சான் பெயரைப் போடாமல்.

அதே வாரம் கிரெடிட் கவுன்செலிங் சிங்கப்பூர் நடத்தும் இலவசப் பேச்சுக்குப் போனேன். இது அறநிறுவனம், கடன் கொடுப்பதில்லை. பேச்சுக்குப் பிறகு ஆலோசகரோடு தனியாக உட்கார வைத்தார்கள். மாதச் செலவை வரி வரியாகக் கேட்டார். லாட்டரி நம்பர் எழுதுவதற்கு எவ்வளவு என்பதுவரை. "வாரம் பத்து வெள்ளி" என்றேன். பேசாமல் என்னைப் பார்த்தார். "இருபது" என்றேன். கார்டு வட்டி வருடத்துக்கு 26, 27 விழுக்காடு ஓடிக்கொண்டிருந்தது. வங்கிகளிடம் எடுத்துச் செல்ல ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார்: குறைந்த வட்டி, நீண்ட தவணை, கார்டுகள் மூடப்படும். வங்கிகள் இரண்டும் ஒத்துக்கொண்டன. அந்தக் கடிதங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஐந்து வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார்கள். கடன் பற்றிப் பத்து நிமிடத்துக்கு மேல் பேசவில்லை, தாளெல்லாம் ஏற்கெனவே மேசைமேல் இருந்ததால் பேச அதிகம் இல்லை. "பணத்துக்குப் பதிலாக வேறு ஏதாவது செய்யச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். இல்லை. "இந்தக் கடனெல்லாம் உங்கள் மனைவிக்குத் தெரியுமா?" என்றார்கள். தெரியும் என்றேன். முழுக் கணக்கும் தெரிந்து ஐந்து வாரம்தான் ஆகிறது என்பதையும் சொன்னேன். அந்த அதிகாரி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இன்னும் ஒன்றரை மாதத்தில் பாஸ் வந்தது. இது என் விஷயத்தில் நடந்தது. எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு வகுப்புக்காரருக்கு மூன்று முறை செய்தி அனுப்பினேன். மூன்றாவதுக்குப் பதில் வந்தது: "அண்ணே, நாங்க கைடன்ஸ்தான் கொடுத்தோம், கியாரண்டி கொடுக்கலை." அடுத்த நாள் அடுத்த வகுப்பின் விளம்பரத்தையும் அனுப்பியிருந்தார். இப்போது விலை 220.

போன மாதம் தேக்கா சந்தையில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். அவன்தான் முதலில் அடையாளம் கண்டு "அண்ணே" என்று கூப்பிட்டான். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது வழக்கறிஞரைப் பார் என்று அவன் காதில் சொல்லியிருந்தேன். போனானாம், சமூக மன்றத்தில் நடக்கிற சட்ட ஆலோசனைக்கு. என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வகுப்புக்குக் கீழே இருக்கும் அந்தக் கடைக்கே போய் இரண்டு டீ வாங்கினோம். மேலே படியில் புது வகுப்புக்காக நான்கைந்து பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். தம்பி எழுந்து போய் அவர்களில் ஒருவரிடம் ஏதோ பேசினான்.